பிஸ்கட் வைத்தால் நாற்காலி கெட்டியாகிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வீடு மனை இணைப்பில் மரச்சாமான் வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்லி வந்த கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். மொத்தத்தில் நல்ல கட்டுரைதான், பிளைவுட்டில் பொது உபயோகத்துக்கான ஐ.எஸ். 303 முத்திரைக்கும் கப்பல் தரமான ஐ.எஸ். 710 முத்திரைக்கும் என்ன வித்தியாசம் என்று சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் "எந்தச் சாமான் செய்தாலும் இணைப்புகளில் பிஸ்கட் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதுதான் வலு" என்று போகிறபோக்கில் ஒரு வரி போட்டுவிட்டீர்கள். மறுநாள் காலையிலேயே ஒரு வாடிக்கையாளர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து, தேக்கு நாற்காலிக்கு எத்தனை பிஸ்கட் வைப்பீர்கள் என்று கேட்டார். ஒன்றுகூட வைக்க மாட்டேன் என்றேன். ஏமாற்றுக்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு இன்னும் எத்தனை பேர் எத்தனை பட்டறை வாசலில் நிற்கிறார்களோ தெரியவில்லை.

பிஸ்கட்டைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பீச் மரத்தை அழுத்திச் செய்த, இரண்டு முனையும் கூம்பிய ஒரு சின்ன மரத் தகடு, அதுதான் பிஸ்கட். வழக்கமாக மூன்று அளவில் வரும். 0 நம்பர் 47 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலம். 10 நம்பர் 53-க்கு 19. 20 நம்பர் 56-க்கு 23. தடிமன் மூன்றுக்கும் ஒன்றுதான், 4 மி.மீ.க்கு மயிரிழை குறைவாக இருக்கும். சேர்க்க வேண்டிய இரண்டு பலகையின் விளிம்பிலும் 4 மி.மீ. பிளேடு போட்ட மெஷினால் பிறை வடிவத்தில் காடி (பள்ளம்) வெட்டி, பசை விட்டு, பாதி இங்கே பாதி அங்கே போகும்படி செருகிக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அழுத்திச் செய்த மரம் என்பதால் பசையில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சி உப்பி, காடிக்குள் இறுகிக்கொள்ளும். அதன் நார் ஓட்டத்தையும் நீளவாக்கில் விடாமல் சாய்வாக வைத்திருப்பார்கள், நீளவாக்கில் விட்டால் இணைப்புக் கோட்டிலேயே பட்டென்று பிளந்துவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் யோசித்துச் செய்த சாமான் என்பதற்கு அடையாளம்.

இதை யோசித்தவர் சுவிட்சர்லாந்தில் லீஸ்டால் என்ற ஊரில் தச்சுப் பட்டறை வைத்திருந்த ஹெர்மன் ஸ்டைனர். 1950-களின் நடுவில் செய்தார். இன்றைக்கு லமெல்லோ என்ற பெயரில் விற்கிற மெஷினும் தகடும் அந்தப் பட்டறையிலிருந்து வளர்ந்ததுதான். அவர் எதற்காகச் செய்தார் என்பது இங்கே முக்கியம். அந்தச் சமயத்தில்தான் ஐரோப்பாவில் மரத்தூளையும் சில்லையும் பசையில் குழைத்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டு பட்டறைகளுக்குள் வர ஆரம்பித்திருந்தது. அதில் நார் ஓட்டமே கிடையாது, கழுந்து (துளைக்குள் செருகுவதற்காகக் கட்டையின் முனையில் விடுகிற நீட்டல்) செதுக்கினால் கையோடு உதிர்ந்து வரும், விளிம்பில் ஆணி அடித்தால் விரியும். அப்படிப்பட்ட பலகையில் பெட்டி செய்ய, சீக்கிரமாகவும் மட்டமாகவும் இணைக்க ஒரு வழி வேண்டியிருந்தது, அதற்காக வந்தது இது. தேக்கு நாற்காலியை மனதில் வைத்துக்கொண்டு யாரும் இதைச் செய்யவில்லை.

சரி, வலுவுக்கு வருகிறேன். மேஜைப் பலகைக்கு நாலைந்து தேக்குப் பலகையைப் பக்கவாட்டில் ஒட்டுகிறோம் என்று வையுங்கள். நார் ஓட்டமும் நார் ஓட்டமும் ஒன்றுக்கொன்று இணையாகப் படுக்கிற இணைப்பு இது. இங்கே விளிம்பை இழைப்புளியால் நேராக இழைத்து, வெள்ளைப் பசை தடவிச் சரியாக இறுக்கியிருந்தால் பசைக்கோடு மரத்தைவிடக் கெட்டி. நம்பிக்கை இல்லாதவர்கள் மீந்துபோன துண்டு இரண்டை ஒட்டி ஒரு நாள் விட்டு, பெஞ்ச் ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்கட்டும். பசைக்கோட்டில் விடாது, பக்கத்து மரம்தான் பிளக்கும். அப்படியிருக்கும்போது அந்த இணைப்புக்குள் பிஸ்கட் வைத்து எந்த வலுவைக் கூட்டப் போகிறோம்? மரத்தைவிட ஏற்கெனவே கெட்டியாக இருக்கிற ஓர் இடத்தை இன்னும் கெட்டியாக்கி ஒரு பிரயோஜனமும் இல்லை, உடைகிறபோது அது பக்கத்திலேதான் உடையும். விளிம்பு கோணலாக இருந்து, நடுவில் வெளிச்சம் தெரிகிற மாதிரி இடைவெளி இருந்து, அதைக் கிளாம்ப் போட்டு முறுக்கி மூடியிருந்தால் பத்து பிஸ்கட் வைத்தாலும் ஒருநாள் வாய் பிளக்கத்தான் செய்யும். பலகை ஒட்டுவதில் இழைப்புளிக்காரன் கைதான் வலு. பிஸ்கட் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நாற்காலிக்கு வந்தால் கதையே வேறு. இங்கே குறுக்குச் சட்டத்தின் வெட்டுமுனை காலின் பக்கவாட்டில் போய் முட்டுகிறது. மரத்தின் வெட்டுமுனை என்பது குழாய்க் கட்டின் வாய் மாதிரி, தடவின பசையை உள்ளே இழுத்துக்கொண்டு மேலே ஒன்றும் நிற்க விடாது. அதனால் அந்த முகத்தில் பசைக்குப் பெரிய பிடிமானம் இல்லை, முழுப் பாரமும் பிஸ்கட் மேல் விழுகிறது. அந்தப் பிஸ்கட் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? பெரிய 20 நம்பரே ஆனாலும் ஒரு பக்கத்துக்குப் பதினொன்றரை மி.மீ.தான். தடிமன் 4 மி.மீ. அதே இடத்தில் ஒழுங்கான கழுந்து என்றால் 10 மி.மீ. தடிமனில் முப்பத்தைந்து நாற்பது மி.மீ. உள்ளே போகும், அதன் இரண்டு கன்னமும் துளையின் பக்கச் சுவரில் படிந்து பசை பிடிக்கும், தோள் வெளியே முட்டுக்கொடுக்கும். சாப்பிட்டு முடித்து ஆள் பின்னால் சாய்ந்து முன்னங்கால் இரண்டையும் தூக்குகிறாரே, அந்த நேரத்தில் உடம்பு எடை முழுக்க நெம்புகோல் போட்டு நெம்புவது பின்னங்காலும் பக்கச் சட்டமும் சேர்கிற இடத்தைத்தான். அங்கே பதினொன்றரை மி.மீ. தகடு என்ன செய்யும்?

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பெயர் வேண்டாம், ஒரு கடையில் வாங்கின சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் ரிப்பேருக்கு என்னிடம் வந்தன. வாங்கி அதிக நாள் ஆகவில்லை, உட்கார்ந்தால் கிரீச்சென்று சத்தம், கையால் ஆட்டினால் முதுகு முன்னும் பின்னும் போகிறது. "பிஸ்கட் ஜாயிண்ட், உள்ளே வெளிநாட்டு டெக்னாலஜி" என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கியிருக்கிறார்கள். கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினேன், சட்டம் கையோடு வந்துவிட்டது. காலில் இருந்த பாதி பிஸ்கட் அப்படியே கெட்டியாக உட்கார்ந்திருந்தது. சட்டத்துப் பக்கத்தில்தான் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது, தகட்டின் மேல் தேக்கு நார் மெல்லிய பட்டையாக உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டத்தின் வெட்டுமுனையைப் பார்த்தால் காய்ந்த பசை கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது, ஒரு நார்கூட அதில் பிடிக்கவில்லை. ஆக பிஸ்கட் தன்னால் ஆனதைச் செய்துவிட்டது, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தது கடைக்காரர் தப்பு. எல்லாவற்றையும் கழற்றி, காடி வெட்டின இடத்திலேயே துளை போட்டு, வேங்கையில் தனிக் கழுந்து செய்து செருகிக் கொடுத்தேன்.

அதற்காக பிஸ்கட்டில் வலுவே இல்லை என்று சொன்னால் அதுவும் நியாயமில்லை. பிளைவுட்டிலோ, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையிலோ பெட்டி செய்கிறபோது, தட்டு வந்து பக்கப் பலகையில் முட்டுகிற இடத்தில், வெறும் பசையை மட்டும் நம்புவதைவிட பிஸ்கட் வைப்பது எவ்வளவோ மேல். அலமாரித் தட்டு மேலிருந்து கீழாகத்தான் பாரம் வாங்குகிறது, நாற்காலி மாதிரி நெம்பல் கிடையாது, பின்பக்கப் பலகை அடித்துவிட்டால் பெட்டி ஆடவும் ஆடாது. அந்த இடத்துக்கு இந்தத் தகடு போதும். போட்டோ பிரேம் மாதிரி 45 டிகிரியில் சேர்கிற மூலைகளிலும் உதவும், அங்கே இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டின முகம், பசை மட்டும் என்றால் கீழே விழுந்ததும் விட்டுவிடும், உள்ளே ஒரு பிஸ்கட் இருந்தால் தாங்கும். அதுவும் சட்டம் அகலமாக இருந்தால்தான். ஒன்றரை இஞ்ச் சட்டத்தில் 20 நம்பர் காடி போட்டால் காடி வெளியே எட்டிப் பார்த்துவிடும்.

ஆனால் பிஸ்கட்டின் அசல் வேலை மட்டம் பிடிப்பது. இதை உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். பலகைகளைப் பசை தடவிக் கிளாம்ப் போட்டவுடனே என்ன ஆகும் தெரியுமா, பசை ஈரமாக இருக்கிற வரைக்கும் அது வழுக்கும், ஒரு பலகை மேலே ஏறும், பக்கத்துப் பலகை கீழே இறங்கும், அந்த முனையைத் தட்டிச் சரி செய்தால் இந்த முனை எழும்பும். இரண்டு கைதான் இருக்கிறது. பிஸ்கட் உள்ளே இருந்தால் இரண்டு பலகையின் முகமும் ஒரே மட்டத்தில் பூட்டிக்கொண்டு நிற்கும், நாம் நிதானமாக இறுக்கலாம். நம்மூர் ஆசாரிகள் இதே காரியத்துக்கு விளிம்பில் துளை போட்டு மூங்கில் ஆணி இறக்கிக்கொண்டிருந்தார்கள், அப்புறம் நாக்கும் காடியும் போட்டார்கள். மூங்கில் ஆணி என்றால் துளை இரண்டு பக்கமும் நேருக்கு நேர் இம்மி பிசகாமல் வர வேண்டும். பிஸ்கட்டில் அந்தத் தொல்லை இல்லை, காடி பிஸ்கட்டைவிடச் சில மி.மீ. நீளமாகவே விழும், அதனால் இரண்டு பலகையையும் சேர்த்து வைத்துக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டால் போதும், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நீளவாக்கில் தள்ளிச் சரி செய்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அது மட்டம் பிடிப்பது தடிமன் பக்கம் மட்டும்தான், நீளவாக்கில் பிடிக்காது. முனை சேர வேண்டிய இடத்தில் கண்ணும், மூலை பார்க்கிற மூலமட்டமும்தான் துணை.

அந்த மட்டமும் தானாக வந்துவிடாது. கையில் லமெல்லோ இருந்தாலும் சரி, மகிட்டா இருந்தாலும் சரி, கிரைண்டரில் மாட்டுகிற மலிவு உபகரணம் இருந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான்: இரண்டு காடியும் ஒரே முகத்திலிருந்து ஒரே தூரத்தில் விழ வேண்டும். 18 மி.மீ. என்று பில் போட்டு வாங்கின பிளைவுட் ஓரிடத்தில் 17.5 இருக்கும், இன்னோரிடத்தில் 18-ஐத் தாண்டும். அதனால் தடிமனில் பாதி என்று நடுக்கோடு கணக்குப் போட்டு வெட்டினால் ஒருநாளும் மட்டம் வராது. காடி நடுவில் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது, நல்ல முகம் எதுவோ அதில் பென்சிலால் குறி போட்டு, இரண்டு பலகையிலும் அந்த முகத்தின் மேலேயே மெஷினின் மடக்குத் தகட்டை (முன்னால் மடங்கி நின்று பலகை மேல் படிகிற தகடு) படிய வைத்து வெட்ட வேண்டும், அவ்வளவுதான். சில பேர் மடக்குத் தகட்டை விட்டுவிட்டு, பலகையையும் மெஷினையும் பெஞ்சின் மேலேயே படுக்க வைத்துத் தள்ளுவார்கள். அதுவும் நல்ல முறைதான், சில மெஷின்களின் மடக்குத் தகடு இருக்கிற லட்சணத்துக்கு அதுவே மேல். ஆனால் அப்படிச் செய்யும்போது பெஞ்சைத் தொடுகிற முகம்தான் மட்டமாக வரும். நல்ல முகத்தை மேலே பார்க்க வைத்துக்கொண்டு வெட்டிவிட்டு, தடிமன் வித்தியாசம் முழுக்க நல்ல முகத்தில் படியாக நிற்கிறதே என்று தலையைச் சொறிகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். பலகை வளைந்திருந்தால் இந்த முறையே வேண்டாம், வளைவு பெஞ்சில் படியாது.

அப்புறம் தூசி. முதல் காடி வெட்டினதும் மரத்தூள் மெஷின் அடியிலும் பெஞ்சிலும் கிடக்கும். அதைத் துடைக்காமல் அடுத்த பலகையை வைத்தால் கால் மி.மீ. தூக்கிக் கொடுக்கும். தள்ளுகிற விதமும் உண்டு. பின் கைப்பிடியை மேலே தூக்கினபடி தள்ளினால் காடி சாய்ந்துவிடும், ஒரு கை மடக்குத் தகட்டைப் பலகையின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும், பின்னால் இருக்கிற கை தள்ள மட்டும்தான் வேண்டும். பிளேடு சுழல்கிற வேகத்தில் மெஷின் பக்கவாட்டில் இழுக்கும், அவசரப்பட்டுக் குத்தினால் காடியின் வாய் அகலமாகி பிஸ்கட் லொடலொடவென்று ஆடும். ஆடுகிற பிஸ்கட் மட்டம் பிடிக்காது. மலிவு மெஷின்களில் பிளேடே லேசாகக் கோணி ஓடும், அதிலும் இதே கதைதான். மடக்குத் தகடு பிளேடுக்கு இணையாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: இரண்டு வேண்டாத துண்டை எடுத்து ஒரே முகத்திலிருந்து காடி வெட்டி, பசை இல்லாமல் பிஸ்கட்டைச் செருகிச் சேர்த்து, இணைப்பின் குறுக்கே விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் எங்கேயோ கோளாறு. தகடு சாய்ந்து நின்றால் அந்தச் சாய்வு இரண்டு பலகையிலும் சேர்ந்து இரட்டிப்பாகக் காட்டும்.

கால் மி.மீ.க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். நூல் கணக்கில் வேலை பழகின பெரியவர்கள் சிரிக்கவும் செய்வார்கள், ஒரு நூல் என்பதே மூன்று மி.மீ. ஆச்சே. தேக்குப் பலகை என்றால் உண்மையிலேயே பிரச்சினை இல்லை, காய்ந்த பிறகு இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்தால் படி போய்விடும். ஆனால் இன்றைக்கு நிறைய வீட்டில் வாங்குவது தேக்கு வெனீர் ஒட்டின பிளைவுட், அதன் மேல் இருக்கிற தேக்கே அரை மி.மீ. கனம்தான். அரை மி.மீ. படியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தேக்கு போய் அடியில் இருக்கிற வெளிறின மரம் பல்லைக் காட்டும், அதற்கு மருந்தே கிடையாது, எந்தப் பாலிஷும் அதை மறைக்காது. பிஸ்கட் தன் விலைக்கு வேலை செய்கிற இடம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். வெனீர் பலகையின் ஓரத்தில் தேக்குப் பட்டை ஒட்டுகிறபோது பட்டை மேல்முகத்தோடு மட்டமாக நிற்க வேண்டும், அந்த வேலைக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பலகை ஒட்டுகிறபோது ஆறு முதல் எட்டு இஞ்சுக்கு ஒன்று போதும். முனையிலிருந்து குறைந்தது இரண்டு இஞ்ச் தள்ளி வைக்க வேண்டும், அதைவிட முக்கியம், பின்னால் பலகையை எங்கே அறுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். வட்ட மேஜைக்குப் பலகை ஒட்டிவிட்டு ரவுட்டரால் வட்டம் போட்டபோது விளிம்பில் பிஸ்கட் குறுக்கே அறுபட்டு, தேக்கின் நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு கோடு தெரிகிற மேஜைகள் நம்மூர்க் கல்யாண மண்டபங்களிலேயே கிடக்கின்றன.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது கடற்கரை ஜில்லாக்காரர்களுக்கு ரொம்பவே பொருந்தும். பிஸ்கட் தண்ணீரைக் குடித்து உப்புகிற சாமான் என்று மேலே சொன்னேன். அது பசையில் இருக்கிற தண்ணீரா, காற்றில் இருக்கிற ஈரமா என்றெல்லாம் பார்க்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் பாக்கெட்டைப் பிரித்து அலமாரியில் வைத்தால் கொஞ்ச நாளில் காடிக்குள் நுழையவே நுழையாது, தட்டி இறக்கினால் மேல்முகம் புடைக்கும். மூடி இறுக்கமான டப்பாவில், மாத்திரைப் புட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சிப் பொட்டலம் இரண்டைப் போட்டு வைத்தால் பிரச்சினை இல்லை. இதற்கு நேர் எதிராக, எபாக்ஸி மாதிரி தண்ணீர் இல்லாத பசையைப் போட்டு பிஸ்கட் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் இல்லையென்றால் அது உப்பாது, உப்பி இறுகுவதை நம்பித்தான் அந்தச் சாமானையே செய்தார்கள். வெள்ளைப் பசைதான் இதற்குச் சரி. அந்தப் பசையையும் பிஸ்கட் மேல் மட்டும் தடவினால் பற்றாது, காடியின் இரண்டு சுவரிலும் போக வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் வேலை செய்தால் பசை ஆடை கட்டுவதற்குள் சேர்த்து முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்கட் பாதியில் நின்றுகொள்ளும், உள்ளேயும் போகாது வெளியேயும் வராது.

ஒட்டின கையோடு தேய்க்கிற அவசரமும் நம்மிடம் ஜாஸ்தி. பசையின் ஈரத்தில் பிஸ்கட் இருக்கிற இடத்து மரமும் சேர்ந்து லேசாகப் புடைத்திருக்கும். அந்த நேரத்தில் மட்டமாகத் தேய்த்துவிட்டால், சில நாள் கழித்து ஈரம் காய்ந்து மரம் அடங்கும்போது அங்கங்கே நீள்வட்டமாகப் பள்ளம் விழும். பாலிஷ் போடுகிற வரைக்கும் தெரியாது. பளபளப்பு ஏறின பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வரிசையாக எண்ணிவிடலாம், எத்தனை பிஸ்கட் என்று. மெல்லிய பலகையில், காடி மேல்முகத்துக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால் இன்னும் மோசம். சில நாள் பொறுத்துத் தேய்க்கச் சொன்னால் வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார், கிரகப்பிரவேசம் வியாழக்கிழமை என்பார். என்ன செய்வது.

விலை விஷயத்தில் ஒரு வார்த்தை. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் பிஸ்கட் வைக்கிறோம் என்று சொல்லி யாராவது கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள். கழுந்து போடுவதைவிட பிஸ்கட் போடுவது சீக்கிரமான வேலை, செய்கிறவருக்குக் கூலி மிச்சம், அந்த மிச்சத்துக்கு வாங்குகிறவர் எதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? மெஷினால்தான் செய்ய வேண்டும், வலுவும் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பிஸ்கட் மெஷின் மாதிரியே கையில் பிடித்துக் குத்துகிற மெஷினால் ஆழமாகத் துளை போட்டு, கெட்டித் தனிக் கழுந்து செருகுகிற டாமினோ முறை 2006 வாக்கில் ஜெர்மனியிலிருந்து வந்தது. விலை கண்ணைக் கட்டும், ஆனால் நாற்காலிக்கு அது போதும். அது கட்டுப்படியாகாதவர்களுக்கு உளியும் கொட்டாப்புளியும் இருக்கவே இருக்கின்றன.

இன்னொன்று விட்டுப்போச்சு. அதே கட்டுரையில் புத்தக அலமாரித் தட்டு நடுவில் தொய்யாமல் இருக்கவும் இரண்டு முனையிலும் பிஸ்கட் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். முனையில் வைக்கிற பிஸ்கட் நடுவில் தொய்வதைப் பெரிதாகத் தடுக்காது, அது தட்டின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்த விஷயம். தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். புத்தகத்தை வரிசையாக அடுக்கிவிட்டு நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டில் இரண்டடிக்கு மேல் தாங்கு இல்லாமல் விட்டுப் புத்தகம் அடுக்கினால் அது தொய்யத்தான் செய்யும். நீளத்தைக் குறைக்க முடியாது என்றால், தட்டின் முன் ஓரத்தில் ஒன்றரை இஞ்ச் அகலத்தில் தேக்குப் பட்டையை நிற்க வைத்து ஒட்டச் சொல்லுங்கள். அதற்குப் பசையே போதும். பிஸ்கட் வைப்பதாக இருந்தால், பட்டை தட்டின் மேல்முகத்தோடு மட்டமாக நிற்பதற்காக நாலைந்து வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மரப்பட்டறைக்காரர் ஒருவர்,
பாளையங்கோட்டை.